சத்தியம் காத்தவரின் பெண்சாதி

புங்குடுதீவு இறுப்பிட்டி அம்பலவாணர் குடும்பத்தில் குடிகாரர் என்று ஒருவரும் இருந்ததில்லை. அவருடைய மூத்த மகன் தியாகலிங்கம் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே சாராயம் குடிப்பவர் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அந்த வீட்டில் வேறு பெயர்கள் இருந்தன. உறவினர் கேட்டால் வாயு. கோயில் ஆட்கள் கேட்டால் மனவருத்தம். பதுளையில் அவரோடு கடையில் நின்றவர்கள் கேட்டால், மலைநாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. குடிகாரன் என்ற சொல்லை ஊர் கூலிக்குப் பாடுபடுகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. கடையும் காணியும் உள்ள வீட்டில் அந்தச் சொல்லைப் பாவிப்பது மரியாதை இல்லை.

தீவுப்பகுதியின் பாதி ஆம்பிளைகளைப் போலத் தியாகலிங்கமும் மீசை அரும்பும் முன்பே கடைக்கு அனுப்பப்பட்டவர். பகலில் தராசு, இரவில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய், பக்கத்தில் ஒரு போத்தல். ஒருநாள் சனம் நிறைந்து நிற்கும் நேரத்தில் தராசோடு சேர்ந்து விழுந்தபோது, தம்பிக்காரன் அவரை ரெயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டான். அங்கே எவளோ மருந்து போட்டுவிட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. போட்ட மருந்துக்கு மாற்று மருந்து கலியாணம் என்பதும் ஒரே இருப்பில் முடிவானது. பொம்பிளையைத்தான் இன்னும் தேடவில்லை.

அறுபத்து நாலாம் ஆண்டு அந்த மருந்து சுருவிலில் அகப்பட்டது. பெயர் சறோஜினிதேவி. எஸ்.எஸ்.ஸி. பாஸ் பண்ணினவள். தகப்பன் ஆழ்வாப்பிள்ளை தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்தவர்; எதையும் விசாரித்துச் செய்கிற மனுசன். இறுப்பிட்டிக்கு நேரில் வந்து மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டார். கேட்ட இடமெல்லாம், "தங்கமான பொடியன்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. தியாகலிங்கம் தங்கமான மனுசன்தான். மிச்சத்தை ஆழ்வாப்பிள்ளை கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

தாலி ஏறிய மறுநாள் மாமியார் சின்னாச்சி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எல்லாம் உம்மட கையிலைதான் பிள்ளை" என்றாள். குசினிப் பூட்டின் திறப்பைத்தான் சொல்கிறாள் என்று சறோஜினிதேவி நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து புருசனை அல்ல, அவளைத்தான் ஊர் கவனித்தது. அவர் நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்த நாட்களில் கலியாணத்தின் மகிமை. சுவரைப் பிடித்து வந்த நாட்களில் மருந்தில் பிழை. அவள் கூடக் கதைக்கிறாள், அதனால் குடிக்கிறான். கதைக்கிறாளே இல்லை, அதனால் குடிக்கிறான். கறியில் தூள் காணாது. ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகும். பிள்ளையும் பிறந்தது. கமலாதேவி என்று பெயர் வைத்து, அவர் அவளைத் தோளை விட்டு இறக்காமல் திரிந்தார். ஒரு மழைகாலம் முழுக்க நல்ல மனுசனாக இருந்தார். பிறகு பனையில் கள்ளுச் சுரக்கத் தொடங்கியது. ஆம்பிளைப் பிள்ளையாக இருந்திருந்தால் திருந்தியிருப்பான் என்று சின்னாச்சி சொன்னாள்.

சறோஜினிதேவி சும்மா இருக்கவில்லை. சொல்லிக் கொடுத்ததையெல்லாம் செய்து பார்த்தாள். போத்தலைத் தேடிப் பிடித்துத் தேசிக்காய் மரத்தடியில் ஊற்றினாள். அவர் வேறு போத்தல் வாங்கினார். வெளியே போகாமல் இருக்கச் சட்டையை ஒளித்து வைத்தாள். அவர் தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு போனார், அந்த ஊரில் அது குறையும் இல்லை. பரியாரி கொடுத்த தூளைக் குழம்பில் கலந்தாள்; அவர் சத்தி எடுத்துவிட்டு, "இண்டைக்கு மீன் பழுதோ?" என்று கேட்டார்.

கடைசியில் அவளுக்குக் கைவந்தது ஒன்றுதான், பொய். அம்பலவாணரின் செல்வாக்கில் அவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அவர் எழும்ப ஏலாத காலைகளில் அவள் படலைக்கு வந்து, மனேச்சர் சிவபாதம் அனுப்பிய ஆளிடம், மாமியார் சொல்லித் தந்தபடி, "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிடுவாள். அந்த வருடங்களில் தியாகலிங்கத்துக்கு வந்த காய்ச்சல்களெல்லாம் உண்மையாயிருந்தால் புங்குடுதீவில் சனம் மிஞ்சியிருக்காது. சுருவிலிலிருந்து தகப்பன் வந்தால், "சந்தோசமாய் இருக்கிறன் ஐயா" என்பாள். பொய் சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிடுகிறது. கேள்வி முடிய முன்பே பதில் வந்துவிடும்.

இன்னொரு வித்தையும் அவள் கற்றிருந்தாள். அவர் படலையைத் திறந்து உள்ளே வந்து ஒரு மூச்சு விட்டால் போதும். கள்ளா, சாராயமா, கசிப்பா என்று சொல்லிவிடுவாள். சில நாட்களில் அவரில் வெறுப்பு வந்தது. சில நாட்களில் விடிய எழும்பி நடுங்கும் கையால் பிள்ளைக்குத் தலையிழுத்துவிடுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்த நாட்களில் சட்டி பானைகளைத் தேய்த்துத் தள்ளினாள். அந்த வீட்டுச் சட்டிகளைப் போல மினுங்கிய சட்டிகள் ஊரில் இல்லை.

எழுபத்து மூன்றில் தியாகலிங்கத்தின் கடைசித் தங்கச்சி இரஞ்சிதத்துக்கு வேலணையில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். அவர்கள் வீடு பார்க்க வர முன் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டுமென்று அம்பலவாணர் சொன்னார். மகனுக்கும் ஒருக்கால் வெள்ளை அடிக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. பத்து வருடமாகத் தோன்றாதது, பரவாயில்லை.

தீவாருக்கு இதற்கென்று ஒரு வழி உண்டு. நயினாதீவு அம்மாள் வாசலில் கையில் கற்பூரம் ஏந்திச் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். கோட்டில் பொய்ச்சாட்சி சொல்லுகிறவர்கள்கூட அம்மாளிடம் வாலாட்டமாட்டார்கள். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை இனசனம் முழுக்கக் குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறிக் கடல் கடந்தது. தியாகலிங்கத்தை ஒருவரும் இழுத்துப் போகவில்லை. அவரே விடிய முழுகி, பட்டு வேட்டி கட்டி முன்னுக்கு நின்றார். வாசலில் கற்பூரம் ஏந்தியபோது கை நடுங்கி, நெருப்பு இரண்டு தரம் கீழே விழுந்தது. பக்தி என்று சனம் உருகியது. "இண்டையிலிருந்து தொடன் தாயே" என்றார். சறோஜினிதேவி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அந்த மனுசன் உண்மையாகத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் வினையாகப் போனது.

மறுநாள் வேர்த்துக் கொட்டியது. அதற்கு மறுநாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாமல் இரண்டு கையும் ஆடியது. கண்ணில் நித்திரை இல்லை. குடித்த தண்ணீரும் உள்ளே நிற்கவில்லை. மூன்றாம் நாள் முகட்டைப் பார்த்து, "பாம்பு, பாம்பு, பிள்ளையைத் தூக்கும்" என்று கத்தத் தொடங்கினார். சுவரில் பாம்பு, பாயில் பாம்பு, கட்டிலுக்குக் கீழே பாம்பு.

நயினை அம்மாள் நாகபூசணி. மூன்று நாளைக்கு முன் அவள் வாசலில் சத்தியம் பண்ணினவனுக்குப் பாம்பு தெரிகிறது என்றால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஊருக்கு ஒரு நிமிசமும் தேவைப்படவில்லை.

"களவாய்க் குடிச்சிட்டான்" என்றார் அம்பலவாணர். "அம்மாள் சும்மா விடுவாவே?"

கைகளைச் சால்வையால் கட்டிலோடு கட்டினார்கள். திருநீறு பூசி, வேப்பங்குழையால் தட்டி, "எங்கை குடிச்சனி, சொல்லு" என்று கேட்டார்கள். "குடிக்கேல்லை ஐயா" என்று அவர் அழுதார். குடித்துவிட்டு அவர் சொன்ன பொய்களையெல்லாம் இத்தனை வருடம் நம்பிய வீடு, குடிக்காமல் சொன்ன உண்மையை நம்ப மறுத்தது.

சறோஜினிதேவி குனிந்து அவருடைய மூச்சை முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றின் புளிப்பு மட்டும்தான்.

"மாமா, இவர் குடிக்கேல்லை" என்றாள்.

சின்னாச்சி திரும்பிப் பார்த்தாள். "நீர் புருசனுக்காகப் பொய் சொல்லுறது இண்டைக்குப் புதிசே?"

அந்த வீட்டின் மானத்துக்காக அவள் சொன்ன பொய்கள்தான், அந்த வீடே ஏவின பொய்கள்தான். இப்போது அவளுடைய சொல்லுக்கு அங்கே ஒரு சதப் பெறுமதி இல்லை.

அன்று மத்தியானம் அவருக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருக, வாயில் நுரை தள்ளியது. அவள் ஓடிப்போய் வாடகைக் கார் பரராசசிங்கத்தைக் கூட்டிவந்தாள். ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போகிறோம் என்றபோது அம்பலவாணர் மறிக்கவில்லை. அவரும் தகப்பன்தான். ஆனால் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "நெருப்புக்காய்ச்சல் எண்டு சொல்லும் பிள்ளை. இரஞ்சிதத்தின்ர காரியம் கிடக்கு. வேலணையைத் தாண்டேக்கை ஒரு சீலையாலை மூடிவிடும்."

மாப்பிள்ளை ஊரைத் தியாகலிங்கம் பிரேதம்போல மூடுண்டு கடந்தார். மானம் தப்பியது.

ஆசுபத்திரியில் மேரிஜோசப்பின் என்ற நேர்ஸ் மிஸ்ஸி கட்டிலடிக்கு வந்தாள். ஊர்காவற்றுறைக்காரி, நடுத்தர வயது, அதிகம் சிரிக்காத முகம்.

"என்ன வருத்தம்?"

"நெருப்புக்காய்ச்சல்."

"குடிக்கிறவரோ?"

"இல்லை."

நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவியைப் பார்க்க வந்த வேலணைப் பொம்பிளைகள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். மிஸ்ஸி தியாகலிங்கத்தின் கையைத் தூக்கிப் பிடித்து, அது ஆடுவதைப் பார்த்தாள். கண் இமையை விரித்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"தங்கச்சி, நெருப்புக்காய்ச்சலுக்கு மருந்து குடுத்தால் இவர் மிஞ்சமாட்டார். என்ர அப்பாவையும் நெருப்புக்காய்ச்சல் எண்டுதான் தாட்டனாங்கள். திரும்பக் கேக்கிறன். குடிக்கிறவரோ?"

சறோஜினிதேவி வேலணைப் பொம்பிளைகளைப் பார்த்தாள். இரஞ்சிதத்தை நினைத்தாள். கட்டிலில் ஆடிக்கொண்டு கிடக்கும் மனுசனைப் பார்த்தாள். பிறகு வார்ட்டின் அந்தக் கரைக்கும் கேட்கக் கூடிய சத்தத்தில் சொன்னாள்.

"ஓம். இவர் குடிக்கிறவர். ஒவ்வொரு நாளும், காலமையும் குடிக்கிறவர். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு சொட்டும் தொடேல்லை."

கலியாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் முதல் தரம் அந்தச் சொல்லைச் சொன்னாள். வானம் இடிந்து விழவில்லை. மிஸ்ஸி டொக்டரைக் கூப்பிட ஓடினாள், அவ்வளவுதான்.

இளம் டொக்டர். ஊசி போட்டு, ஆள் அடங்கி நித்திரையான பிறகு வெளியே வந்து அவளுக்கு விளங்கப்படுத்தினார். "இது குடிச்சதாலை வந்ததில்லை அம்மா. குடிச்சுப் பழகின உடம்பு திடீரெண்டு விட்டதாலை வந்தது. சத்தியம் பண்ணினது மனம். உடம்பு தன்ரை பாட்டிலை கேக்குது. இப்பிடி விட்டுச் செத்த ஆக்கள் இருக்கினம்."

"அப்ப விடக்கூடாதோ?"

"விடத்தான் வேணும். ஆனால் இஞ்சை வந்து, மருந்தோடை விட வேணும். இதுவும் சலரோகம், அந்தச் சீனி வருத்தம் மாதிரித்தான். திரும்பவும் வரும். வந்தால் ஏசிக்கொண்டு நிக்காமல் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் குடிக்க வைக்கவும் இல்லை, உங்களாலை நிப்பாட்டவும் ஏலாது. ஆள் தனிச்சுப் போகாமல் பாருங்கோ."

நீங்கள் குடிக்க வைக்கவில்லை என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதில்லை. ஆசுபத்திரி மர வாங்கில் குந்தியிருந்து நன்றாக அழுதாள். மிஸ்ஸி வந்து ஒரு கோப்பை தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கண் விழித்ததும் தியாகலிங்கம் முதலில் சொன்னது, "நான் குடிக்கேல்லை, சறோ."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

ஊர் திரும்பியபோது அவர் தெளிந்த மனுசனாக இருந்தார். ஆனால் டொக்டர் சொன்னதை ஊரால் செமிக்க முடியவில்லை. குடித்தால் வருத்தம் வரும், சரி. குடிக்காமல் விட்டால் வருத்தம் வருமாம். அப்படியென்றால் எவன் விடுவான் என்று கேட்டார் சங்கக்கடைச் சிவபாதம். விடுகிற யோசனை அவருக்கும் இருந்ததில்லை.

அம்பலவாணருக்கு வேறு கவலை. ஆசுபத்திரிக் கதை வேலணைக்குப் போய்விட்டது. மகன் பெருங்குடிகாரன், வார்ட்டில் கட்டிவைத்து வைத்தியம் பார்த்தார்கள் என்று பேச்சு. அதைவிடச் சத்தியத்தை மீறினான், அம்மாள் தண்டித்தாள், மன்னித்தாள் என்பது எவ்வளவு லட்சணமான கதை. அதை வெளியில் சொல்லலாம், சொன்னால் கும்பிடுவார்கள். ஆகவே மன்னிப்புக் கேட்க ஓர் அபிஷேகம் ஏற்பாடானது. மாப்பிள்ளையின் தாயையும் கூப்பிட்டு, மறுபடியும் லோஞ்ச் ஏறினார்கள்.

வாசலில் தகப்பன் சொன்னார்: "குடிச்சனான் எண்டு சொல்லி விழுந்து கும்பிடு. அதோடை முடிஞ்சுது."

தியாகலிங்கம் சறோஜினிதேவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பாள் என்று பார்த்தார். அவளுக்கு ஒரு பக்கத்தில் இரஞ்சிதம் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். மறுபக்கத்தில் மாப்பிள்ளையின் தாய். முன் பின் தெரியாத வார்ட்டில் சத்தமாகச் சொன்னவளுக்குச் சொந்தச் சனத்துக்கு நடுவில் குரல் வரவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடிச்சனான்" என்று அவர் சொன்னார். "மன்னிச்சுக்கொள் தாயே."

குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று அவர் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். குடிக்காமலே குடித்தேன் என்று சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைத்தான் எல்லோரும் நம்பினார்கள். சம்பந்தமும் அங்கேயே முற்றாகியது.

அடுத்த கிழமை அவர் கள்ளுத் தவறணைக்குப் போனார். குற்றத்தை முன்பே ஒப்புக்கொண்டாயிற்று, இனிச் செய்தால் என்ன. வீட்டில் யாரும் பெரிதாக அதிரவில்லை. சின்னாச்சி முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பழகின மகன் திரும்பி வந்துவிட்டான்.

சறோஜினிதேவி அடுப்பை அணைத்தாள். முகம் கழுவி, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, குடையை விரித்துக்கொண்டு நட்ட நடு மத்தியானம் தெருவில் இறங்கினாள். நல்ல குடும்பத்துப் பொம்பிளை தவறணைப் பக்கத்துத் தெருவால்கூடப் போவதில்லை. அவள் நேரே உள்ளே போனாள். அங்கே கள்ளுப் பிளாவைக் கையில் வைத்திருந்த கோயில் சபைக்காரர் ஒருவர் பின்பக்கத்து வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினார். சிவபாதம் சால்வையால் முகத்தை மூடினார், அவருக்குக் காய்ச்சலாக்கும். மற்றவர்கள் எழும்பி மரங்களுக்குப் பின்னால் நின்றார்கள். தியாகலிங்கம் மட்டும் வாங்கிலேயே இருந்தார்.

அவள் குடையை மடக்கி அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அண்டைக்கு நீங்கள் குடிக்கேல்லை" என்றாள், மரத்துக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "சத்தியத்தைக் காத்தனீங்கள். இவையள் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப ஏன் அம்மாள் வாசலிலை நீர் வாய் திறக்கேல்லை?"

"பயத்திலை."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. பிளாவில் பாதி மிஞ்சியிருந்தது. அவள் அதைத் தட்டிவிடவும் இல்லை, வாங்கி ஊற்றவும் இல்லை. காத்திருந்தாள். கனநேரம் கழித்து அவரே அதைக் கீழே வைத்தார்.

"எழும்புங்கோ, ஊர்காவற்றுறைக்குப் போவம். வங்களாவடியிலை இறங்கி பஸ் மாறலாம்."

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் சொன்னார்: "நான் திரும்பவும் குடிப்பன், சறோ."

"தெரியும்."

"அப்ப என்ன செய்வீர்?"

"அப்பவும் பஸ் ஓடும்."

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. அதற்குப் பிறகும் குடித்தார். ஒவ்வொரு தரமும் அவள் சங்கக்கடைக்கு, "அவர் குடிச்சிட்டுக் கிடக்கிறார், வரமாட்டார்" என்று சொல்லியனுப்பிவிட்டு, அவர் சரி என்று தலையசைத்த அன்று பஸ் ஏறினாள். இடைவெளி நீண்டுகொண்டு போனது. கடைசியாக ஏறியது எழுபத்தெட்டில். எண்பத்திரண்டில் நெஞ்சு வருத்தத்தில் அவர் காலமானபோது, செத்த வீட்டுக்கு வந்தவர்கள் குடிதான் கொண்டுபோனது என்று படலையடியில் நின்று பேசிக்கொண்டார்கள். கடைசி வருடங்களில் அவர் ஒரு சொட்டும் தொடவில்லை என்பது சறோஜினிதேவிக்குத் தெரியும். அவளை ஒருவரும் கேட்கவில்லை.